துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

போன மாதம் போடியில் ஒரு வாசிப்புக் கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். பொட்டிபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கூடவே வந்தார். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர். டீக்கடையில் ஒதுங்கி நின்றதும் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, மலையில ஒருத்தர்ட்ட நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு இருக்காம். சல்லிசா தர்றேங்கிறாரு. வாங்கிரலாமா?"

எதுக்கு என்றேன். அப்பா குத்தகைக்குப் பிடித்த ஒரு ஏக்கரில் கடலை போட்டிருக்கிறார். மலையடிவாரம். ராத்திரி காட்டுப்பன்னி கூட்டமாக இறங்கி, ஏர் பிடித்து உழுத மாதிரி கிளறிப்போட்டுவிட்டுப் போகிறது. இது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைச் சொல்ல அவருக்கு இன்னொரு டீ தேவைப்பட்டது. சுடுகாட்டுக்குப் போகிற பாதையை ஊர்க்காரர் ஒருவர் வேலி போட்டு அடைத்திருக்கிறார். தம்பிதான் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தவர். அதிலிருந்து, ராத்திரி காவலுக்குப் போகும்போது இரண்டு பைக் அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. "ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணே. லைட்ட மூஞ்சியில அடிப்பாங்க, சிரிப்பாங்க, போயிருவாங்க. கையில ஒண்ணு இருந்தா..." என்று இழுத்து நிறுத்தினார்.

அந்த நாட்டுத் துப்பாக்கியைத் தொடவே தொடாதே என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் அது அரைப் பதில்தான். மீதியைச் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. இந்தக் கேள்வியோடு நம்மில் நிறையப் பேர் இருப்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக யாரும் அந்தத் தம்பியை 'வன்முறை' என்று திட்ட வேண்டாம். அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் இதைத் தொட்டுத்தான் பேசுகிறார். அடிமட்டத்தில் இருந்தவர்கள் ஏன் எழவில்லை என்ற கேள்விக்கு அவர் தரும் விடைகளில் ஒன்று, அவர்களிடம் ஆயுதம் இருக்க வர்ண ஒழுங்கு விடவில்லை என்பது. அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். அந்த லைசென்சும் ஜமீனுக்கும் பண்ணையாருக்கும் போனது, சேரிக்கு வரவில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நிலவுடைமைக் கும்பல் துப்பாக்கியோடு வந்தது. கூலி உயர்வு கேட்டவர்களிடம் இருந்தது கல். 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். ஆக, யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பது இந்த நாட்டில் எப்போதுமே சாதிக் கேள்விதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ஐ நம் தோழர்கள் ஓரளவு படித்திருக்கிறார்கள். அதன் கீழ் வந்த 1995-ஆம் ஆண்டு விதிகளை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? விதி 3 தடுப்பு நடவடிக்கைகளைப் பற்றியது. வன்கொடுமை நடக்கலாம் என்று அஞ்சுகிற பகுதியை அரசு அடையாளம் காண வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் அங்கே நேரில் போக வேண்டும். தேவையென்றால், பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை அந்தப் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாள், குடும்ப நண்பர்களின் உரிமத்தையும் சேர்த்துத்தான். அந்த ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்த உட்பிரிவு, 3(1)(v): உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவையெனக் கருதினால், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

ஆமாம், அச்சடித்த அரசு விதியில் அப்படித்தான் இருக்கிறது. 30 வருடமாக இருக்கிறது. நான் எத்தனையோ உண்மையறியும் குழுக்களோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். இந்த உட்பிரிவின் கீழ் உரிமம் வாங்கிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கேட்டு மனுப் போட்டவரைக்கூடச் சந்தித்ததில்லை. இது அவர்கள் தவறு மட்டுமா?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நமக்கு ஒத்து வருகிற இரண்டு வரிகள் அதில் உண்டு. பிரிவு 13(3): 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் கேட்டாலும், பயிர்க் காவலுக்கென்று வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைக் கேட்டாலும், மறுக்கத் தக்க காரணம் இல்லையென்றால் உரிமம் கொடுத்தாக வேண்டும். கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றைக் கேட்பவர் தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். அதாவது ஏழையின் துப்பாக்கி என்று ஒன்று உண்டென்றால், அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கிதான். சட்டம் அதற்குக் கதவைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கிறது. அடுத்தது பிரிவு 14(2): போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். மேல்முறையீடு உண்டு, பிரிவு 18.

கதவு திறந்திருந்தும் நம்மாட்கள் ஏன் உள்ளே போகவில்லை? வழியில் மூன்று பேர் நிற்கிறார்கள்.

ஒருவர், பட்டா. பயிர்க் காவல் துப்பாக்கி வேண்டுமென்றால் பயிர் வேண்டும், பயிருக்கு நிலம் வேண்டும். அந்தத் தம்பியின் அப்பா வாய்க்குத்தகைக்காரர். காகிதத்தில் அவர் விவசாயியே இல்லை. மலை மேலே ஏலத்தோட்டத்துக்காரர் வீட்டில் சுவரில் துப்பாக்கி தொங்கும். விடியுமுன்னே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்துப் போய் அந்தத் தோட்டத்தில் காய் எடுக்கிற நம் பெண்களுக்கு அந்த மலையில் ஒரு குழி நிலம் கிடையாது. 1892-ல் ட்ரெமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு ஒதுக்கிய பஞ்சமி நிலமே கைமாறிப் போய்விட்டது. பட்டா போன பக்கம்தான் துப்பாக்கி போகும்.

இரண்டாமவர், போலீஸ் ஸ்டேஷன். உரிமத்துக்கு மனுப் போட்டால் பக்கத்து ஸ்டேஷனின் அறிக்கை வேண்டும். நம் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல் மூன்று நாள் உட்கார வைக்கிற அதே ஸ்டேஷன்.

மூன்றாமவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆயுதச் சட்டம் பிரிவு 9: அமைதி காப்பதற்கோ நன்னடத்தைக்கோ பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிடப்பட்டவர், அந்தப் பத்திரக் காலம் முடியும் வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110, இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.ஸில் 126, 129. நம் பையன்களுக்கு இந்த எண்கள் ரேஷன் கார்டு எண் மாதிரி மனப்பாடம். திருவிழா, இமானுவேல் சேகரன் நினைவுநாள், தேர்தல் எது வந்தாலும் 'இரு தரப்பும்' என்று சொல்லி, அடித்தவனோடு சேர்த்து அடிபட்டவனையும் ஆர்.டி.ஓ. முன் நிறுத்திப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிற ஆள் யாரோ, அவர் அன்றைக்கே உரிமத்துக்குத் தகுதியற்றவராகி விடுகிறார். 21 வயது நிரம்பாதவர்களுக்கும் கிடையாது என்பதைக் கல்லூரித் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை தடையும் எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிடாதீர்கள். குடகில் கொடவர்களும் ஜம்மா நில உரிமைக்காரர்களும் உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2019-ல் ஒன்றிய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அது அவர்கள் பண்பாடு, வழிபாட்டில் துப்பாக்கிக்கு இடமுண்டு என்கிறார்கள். எனக்கு அந்த மக்களோடு சண்டை இல்லை. ஆனால் பிறப்பால் வீரர் என்று சொல்லி ஒரு சமூகத்துக்குக் கொடுத்த விலக்கு வருடம் தவறாமல் உயிரோடு இருக்கிறது. பிறப்பால் தாக்கப்படுகிறவர்களுக்கு எழுதிய விதி 30 வருடமாக அலமாரியில் கிடக்கிறது.

ஆகவே என் முதல் கருத்து: உரிமம் கேட்க வேண்டும், விதி 3(1)(v)-ஐக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது கருத்து பல தோழர்களுக்குப் பிடிக்காது. உரிமம் கேட்பதும் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. கொண்டுவருமுன் பத்து முறை யோசியுங்கள்.

பன்னியில் ஆரம்பிப்போம். தம்பியின் கொல்லைக்குத் துப்பாக்கி உதவுமா? உதவாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி என்று அறிவித்ததும் எல்லோரும் கொண்டாடினார்கள். முழுதாகப் படித்தவர்கள் குறைவு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறைதான் செய்யும். அம்பரப்பர் மலையடிவாரத்தில் கொல்லை வைத்திருப்பவர் எந்தக் கணக்கில் வருவார் என்று பொட்டிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவரே உத்தரவிடலாம், உரிமம் உள்ளவர் சுடலாம். அங்கே கூலிக்குப் போய் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். மலைமுகட்டைத் தாண்டினால் சட்டம் வேறு. உங்கள் துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் இந்தப் பக்கம் பன்னியைச் சுட்டால் வனவுயிர்ச் சட்டத்தில் வழக்கு. 2023 அக்டோபரில் கூடலூர் பக்கம் வண்ணாத்திப்பாறைக் காட்டில் வனத்துறை சுட்டு ஒருவர் செத்தார். காட்டோரத்தில் ராத்திரி ஆயுதத்தோடு நிற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீட்டு மனு உண்டு. குத்தகைக்காரருக்கு அதிலும் பட்டாதான் முட்டுக்கட்டை. அந்தச் சண்டையைத்தான் போட வேண்டும்.

இன்னொரு விஷயம், விலை மலிவான சின்னக்குழல் துப்பாக்கியைப் பற்றி. 'போர்' என்பது குழலின் வாய் அளவு. 12 போர் என்றால், அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று பொருள். எண் கூடக் கூட வாய் சின்னது. 410 மட்டும் விதிவிலக்கு. அது அங்குலக் கணக்கு, 0.410 அங்குலம், சுமார் பத்தரை மில்லிமீட்டர். போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் சுமந்த 410 மஸ்கட் இந்த அளவுதான். 303 ரைஃபிளின் குழலைக் குடைந்து வழுவழுப்பாக்கி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போகும்படி மாற்றியது. சின்னக்குழல் என்றதும் பொம்மை மாதிரி நினைக்கிறார்கள். கிட்டத்தில் பால்ரஸ் சிதறாமல் ஒரே கட்டியாகப் போகும், கையையே எடுத்துவிடும். எட்டத்தில் அதே பால்ரஸ் பன்னியின் தோலைக் கீறுவதோடு சரி. காயம்பட்ட பன்னி இருட்டில் எதிரே வரும்போது உங்களிடம் இரண்டாவது தோட்டா இருக்காது.

சரி, பைக்கில் வருகிறவர்களுக்கு? இங்கே வரலாற்றைப் பார்க்க வேண்டும். பீகாரில் ரன்வீர் சேனா துப்பாக்கியால் கொன்றது. லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரே இரவில் 58 பேர். தமிழ்நாட்டில் வெண்மணிக்குப் பிறகு நம்மைக் கொன்ற ஆயுதம் பெரும்பாலும் அரிவாள். அது கூட்டமாகவும் பகலிலும் பழக்கமான முகத்தோடும் வருகிறது. மேலவளவு முருகேசன் ஊராட்சித் தலைவர். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஓடுகிற பஸ்ஸில், பட்டப்பகலில் வெட்டினார்கள். அவர் வீட்டுப் பீரோவில் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பீரோவில் இருந்திருக்கும். இமானுவேல் சேகரன் ராணுவத்தில் இருந்தவர், ஆயுதம் தெரிந்தவர். 1957-ல் பரமக்குடியில் அவரைச் சுற்றி வளைத்தபோது அந்தப் பயிற்சி காப்பாற்றவில்லை.

தேர்தல் நேரத்தில் இன்னொரு வேடிக்கை. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தேர்தல் நடத்தவிடாமல் தடுத்தார்கள். நமக்கு ஆபத்து உச்சத்தில் இருப்பது வேட்புமனுத் தாக்கலிலிருந்து ஓட்டு எண்ணும் வரைதான். அந்த நாட்களில் உங்கள் துப்பாக்கி ஸ்டேஷன் அறையில் சீட்டு கட்டிக் கிடக்கும். அரிவாளுக்கு ஒப்படைப்பு கிடையாது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இங்கே உதவும். 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். பிறகு அவரே வீட்டில் ஆயுதம் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். 1964-ல் லூசியானா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற அமைப்பு உருவானது. உலகப்போரிலும் கொரியப் போரிலும் இருந்து வந்த கறுப்பினத்தவர் பலர் அதில் இருந்தார்கள். முறை வைத்துத் தெருவைக் காவல் காத்தார்கள், அதற்குப் பலன் இருந்தது. அதைக் காட்டி 'பார்த்தீர்களா' என்று சொல்லும் தோழர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே நீளத் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சாதாரணம். அவர்கள் தனியாளாகவும் இல்லை, கட்டுப்பாடுள்ள அமைப்பாக இருந்தார்கள். 1967-ல் கலிபோர்னியாவில் பிளாக் பாந்தர்கள் வெளிப்படையாகத் துப்பாக்கியோடு நடந்ததும், அதைத் தடை செய்ய மல்ஃபோர்டு சட்டம் வந்தது. ஒடுக்கப்பட்டவன் சட்டத்தைப் பயன்படுத்தினால் சட்டத்தையே மாற்றுவார்கள். நமக்குத் தெரியாததா?

இப்போது வீட்டுக்குள் வருவோம். எனக்கு உண்மையான பயம் இங்கேதான்.

நம் காலனி வீடு ஓர் அறை, ஒரு தாழ்வாரம். பீரோ இருந்தால் அதற்குப் பூட்டு இருக்காது, பூட்டு இருந்தால் சாவி ஆணியில் தொங்கும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பது என்றால், தோட்டா இல்லாமல், சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வேறு பூட்டில் வைத்து, இரண்டு சாவியும் உரிமக்காரர் மடியில் மட்டும் இருப்பது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பவரிடம் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கின்றன, இப்படிப் பூட்டி வைப்பேன் என்ற உறுதியும் கேட்கின்றன. இதைப் பணக்காரர்களின் சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் சட்டம் சரி. குழந்தை எடுத்து விளையாடும். குடித்துவிட்டு வரும் அண்ணன் தம்பிச் சண்டையில் கைக்கு வரும். எல்லாவற்றையும் விட, படிப்பிலும் காதலிலும் அவமானத்திலும் நொறுங்கிக் கிடக்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நிமிடத் துயரத்தில் எடுக்கிற முடிவிலிருந்து பலர் பிழைத்து எழுந்திருக்கிறார்கள். அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் பெரும்பாலும் திரும்பி வர முடியாது. சாதி வெறியனுக்காக வாங்கிய துப்பாக்கி நம் வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

உரிமத்தோடு ஒன்று கைக்கு வந்தே விட்டால், எந்தப் பயிற்சியிலும் முதல் நாள் சொல்வது இதைத்தான். காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே மடக்கித் திறந்து பார். பார்த்த பிறகும் தோட்டா இருப்பதாகவே நினைத்துப் பிடி. குழல்வாயை எந்த நேரத்திலும் ஒரு மனிதர் பக்கம் காட்டாதே, விளையாட்டுக்கும் கூடாது. சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. இலக்கை மட்டுமல்ல, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார். இருட்டில் சலசலப்பைக் கேட்டுச் சுடுகிறவன் பக்கத்துக் கொல்லைக் காவல்காரனைச் சுடுவான். வேலி தாண்டும்போதும் வாய்க்கால் தாண்டும்போதும் தோட்டாவை எடுத்துவிட்டு, மடக்கித் திறந்த நிலையில் கொண்டுபோ. குழலுக்குள் மண்ணோ துணியோ குளவிக்கூடோ அடைத்திருந்தால் சுடும்போது குழல் வெடித்துப் பிளக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒளி பாய்கிறதா என்று பார். 12 போர் துப்பாக்கி இருக்கும் இடத்தில் 20 போர் தோட்டா இருக்கவே கூடாது. சின்னத் தோட்டா உள்ளே வழுக்கிப்போய்ப் பாதிக் குழலில் சிக்கிக்கொள்ளும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போட்டுச் சுட்டவர்கள் கை இழந்திருக்கிறார்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால் குழலைத் திருப்பிப் பார்க்காதே. பாதுகாப்பான திசையில் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திரு. குடித்திருந்தால் தொடாதே.

நாட்டுத் துப்பாக்கியை ஏன் தொடவே கூடாது என்றேன்? இந்த விதிகள் எதுவும் அதற்குப் பொருந்தாது. குழாய் என்ன இரும்பு என்று செய்தவருக்கே தெரியாது. மருந்து எவ்வளவு போட்டார்கள், ஏற்கனவே ஒரு முறை கெட்டித்து மறந்துவிட்டார்களா என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. அதற்கு மேல் சட்டம். உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. சல்லிசாக விற்கிறவரே நாளைக்கு ஸ்டேஷனில் தகவல் சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சுடுகாட்டுப் பாதைக்கு மனுக் கொடுத்தவர் வீட்டில் கள்ளத் துப்பாக்கி பிடிபட்டால், பாதைப் பிரச்சினை அன்றோடு முடிந்தது. பத்திரிகையில் 'சமூக விரோதி' என்று வரும். யாராவது ஏற்கனவே வைத்திருந்தால், வக்கீல் மூலமாக ஒப்படைக்க வழி பாருங்கள். வடமாவட்ட மலைகளில் போலீசே அவகாசம் கொடுத்து ஒப்படைக்கச் சொன்னதுண்டு. துப்பாக்கியோடு ரீல்ஸ் போடுகிறவர்களைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. பொது இடத்தில் ஆயுதத்தை வீசிக்காட்டுவது உரிமம் உள்ளவருக்கே குற்றம்.

தற்காப்பு உரிமை என்று தனியாக ஒன்று இருப்பதை மறக்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், தாக்குகிறவருக்கு மரணம் நேரும் அளவுக்கும் அது நீளும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. காவல்துறையை அணுக நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. லைட் அடித்துச் சிரித்துவிட்டுப் போகிறவனைச் சுட அதில் இடமில்லை. அவன் நமக்குச் செய்வது மிரட்டல், அதற்கு வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு உண்டு.

தம்பிக்கு நான் போனில் சொன்ன வேலைகள் வேறு. பைக் எண், தேதி, நேரம், உடன் இருந்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வை. காவலுக்குத் தனியாகப் போகாதே, நான்கு கொல்லைக்காரர்கள் சேர்ந்து முறை வையுங்கள். கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் ஒரே மனு, விதி 3-ஐத் தலைப்பிலேயே போட்டு. அதில் நான்கு கோரிக்கை: இந்தக் கிராமத்தை அச்சமுள்ள பகுதியாக அறிவித்து நேரில் வந்து பாருங்கள்; பாதையை அடைத்தவர் தரப்பில் துப்பாக்கி உரிமம் இருந்தால் ரத்து செய்யுங்கள்; கள்ளத் துப்பாக்கி நடமாட்டத்தைச் சோதியுங்கள்; 3(1)(v)-இன்படி எனக்கு உரிமம் தாருங்கள். நான்காவது கோரிக்கையை மட்டும் படித்தால் சிரிப்பார்கள், அல்லது பயப்படுவார்கள். எப்படியானாலும் பதில் எழுதியாக வேண்டும். மறுத்தால், ஆபத்து இல்லை என்று கலெக்டர் கையெழுத்துப் போட்டதாக ஆகும். நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தக் கையெழுத்து கடமை தவறிய அரசு ஊழியர் மீதான பிரிவு 4 வழக்கில் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவிலும் இதைப் பொருளாக வைக்கச் சொல்லலாம்.

கூடவே 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி ஓர் ஆர்.டி.ஐ. தேனி மாவட்டத்தில் நடப்பிலுள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? அவற்றில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் எத்தனை பேர்? பயிர்க் காவலுக்கு எத்தனை, தற்காப்புக்கு எத்தனை? 1995 முதல் விதி 3(1)(iii)-இல் ரத்து செய்தது எத்தனை, 3(1)(v)-இல் வழங்கியது எத்தனை? பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். பெயர் கேட்டால் தனிநபர் தகவல் என்று தள்ளிவிடுவார்கள். 1989-ல் போடியில் கலவரம் வெடித்ததைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊரை நிர்வகிக்கிற மாவட்டத்தில் இந்த எண்கள் என்ன என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. மற்ற மாவட்டத் தோழர்களும் இதே கேள்விகளைப் போடுங்கள், பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். சேர்த்து வெளியிடுகிறேன்.

தம்பி நேற்று மனுவின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கையெழுத்து கோணல்மாணல், ஆனால் விதி எண் சரியாக இருந்தது. கீழே ஒரு வரி: "அண்ணே, நாலாவது கோரிக்கையப் பாத்து அப்பா ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்பறம் அவரும் கையெழுத்துப் போட்டாரு."